இலையுதிர் காலத்தில் இரண்டே பண்டிகையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த மாத ஆரம்பத்தில் உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க இலையுதிர் காலம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. செயின்ட் லூயிஸில் மகன் வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, குடைந்த பூசணிக்காய்க்குள் விளக்கு எரியும் படம் இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் கட்டுரையாளர் போகிறபோக்கில் ஒரு வரி போட்டுவிட்டார்: இந்த மூன்று மாதத்தில் இவர்களுக்கு மொத்தம் இரண்டே பண்டிகை, ஒன்று பேய்க்கு (ஹாலோவீன்), இன்னொன்று வான்கோழிக்கு (நன்றி அறிதல் நாள்) என்று. படித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தேன். அங்கே அன்றைக்கே மூன்று பண்டிகை முடிந்திருந்தது. இன்றோடு ஐந்து, ஆறாவது நாளை மறுநாள். மூன்று வாரமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை இன்றைக்கு எழுதி முடிக்கிறேன், கொஞ்சம் நீளும், வெட்டுவது உங்கள் பாடு.

நான் ஆம்பூர்க்காரி. 31 வருடம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். பேரனைப் பார்க்க ஆகஸ்டில் வந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள். லூதரன் சபையைச் சேர்ந்தவர்கள், அதாவது மார்ட்டின் லூதர் வழிவந்த கிறிஸ்தவர்கள். பிள்ளைகள் யாரும் பள்ளிக்கூடம் போவதில்லை, அம்மாவே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். இதைக் கேள்விப்பட்ட முதல் நாளே எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்திலேயே வாழ்ந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? பெஞ்சு இல்லை, மணி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் திருட ஒருத்தன் இல்லை, இது என்ன படிப்பு என்றுதான் நினைத்தேன். சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். மிசௌரியில் வருடத்துக்கு 1,000 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும், அதில் 600 மணி நேரம் வாசிப்பு, மொழி, கணக்கு, சமூகவியல், அறிவியல், அந்த 600-ல் 400 வீட்டிலேயே நடக்க வேண்டும் என்றார். நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறார், நம் பாடக்குறிப்பேடு மாதிரியே. ஆனால் அதைக் கையெழுத்துப் போட்டுப் பார்க்கத் தலைமை ஆசிரியரும் கிடையாது, அதிகாரியும் வருவதில்லை. எனக்கு இன்னும் அது ஒப்பவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் பண்டிகை செப்டம்பர் 29, மிகாவேலும் சகல தேவதூதர்களும் என்கிற நாள். நம் வீட்டில் கொலு வைத்திருந்த சமயம். சுண்டல் கொடுக்கப் போனால், மேஜையில் ஒரு முழ நீளத்துக்கு ரொட்டி மாவில் வலுசர்ப்பம் செய்து சுட்டு வைத்திருந்தார்கள். பாதாம் பருப்பில் செதில், உலர்ந்த திராட்சையில் கண். வெளிப்படுத்தின விசேஷம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் மிகாவேல் வலுசர்ப்பத்தோடு யுத்தம் பண்ணுகிற இடத்தை அப்பா வாசித்து முடித்ததும், ஐந்து வயதுக் கடைக்குட்டி வெண்ணெய் தடவுகிற கத்தியை ஓங்கித் தலையை வெட்டினான். நான் சூரசம்ஹாரத்தைச் சொன்னேன். அவன் முழுக் கதையும் கேட்டான், கடைசியில் அசுரன் மயிலாகவும் சேவலாகவும் ஆன இடம் வந்ததும், "அப்படியானால் வெட்டவில்லையா?" என்று ரொம்ப ஏமாந்து போனான்.

அக்டோபர் நடுவில் அவர்கள் பெர்ரி கவுண்டி என்ற மாவட்டத்துக்கு ஒரு நாள் போகும்போது என்னையும் கூட்டிப் போனார்கள். இது பண்டிகை இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் மற்றது புரியாது. செயின்ட் லூயிஸிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம், இரண்டு பக்கமும் மரம் மஞ்சளும் சிவப்புமாக. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: விட்டன்பெர்க், ஆல்டன்பர்க், டிரெஸ்டன். எல்லாம் ஜெர்மனியிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்த பெயர்கள். 1838-ல் சாக்ஸனியிலிருந்து சுமார் 700 லூதரன்கள் ஐந்து கப்பலில் கிளம்பினார்கள், அதில் அமாலியா என்ற கப்பல் வந்தே சேரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் மிசிசிப்பி ஆற்றோரம் காட்டை வெட்டிக் குடியேறி, 1839-லேயே, தங்களுக்கே சரியான கூரை இல்லாத நேரத்தில், மரக்கட்டையை அடுக்கி ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். அந்த ஒற்றை அறை இன்னும் ஆல்டன்பர்க்கில் நிற்கிறது. அதுதான் வளர்ந்து செயின்ட் லூயிஸின் கன்கார்டியா இறையியல் கல்லூரி ஆனது என்று அந்த அம்மா சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சிறுமியாகப் படித்தது ஆம்பூர் கன்கார்டியா பள்ளியில். பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, ஏதோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்றே நினைத்திருந்தேன். ஒருமனம் என்று அர்த்தமாம். 1895-ல் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கி, அப்புறம் ஆம்பூர், வாணியம்பாடி என்று வந்த மிசௌரி லூதரன் மிஷன் இந்த மரப் பள்ளிக்கூடத்தின் வாரிசுதான். அந்த அறையின் வாசலில் நின்றபோது என் பள்ளி நினைவு வந்து கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பக்கத்தில் பிள்ளைகள் பெர்சிமன் பழத்தின் விதையை இரண்டாகப் பிளந்து உள்ளே கரண்டி வடிவம் தெரிகிறதா, கத்தி வடிவம் தெரிகிறதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கரண்டி என்றால் பனி அள்ள வேண்டி வருமாம், கத்தி என்றால் வெட்டுகிற குளிராம், இந்தப் பக்கத்து நம்பிக்கை. நோட்டில் அது அறிவியலில் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

சரி, அக்டோபர் 31-க்கு வருகிறேன். உங்கள் கட்டுரை இரண்டு பக்கம் பேயாக நிரப்பிய நாள். அந்த நாளை இவர்கள் சீர்திருத்தத் திருநாள் என்கிறார்கள். 1517 அக்டோபர் 31, மார்ட்டின் லூதர், 95 கோட்பாடுகள், விட்டன்பெர்க் ஆலயக் கதவு. ஒன்பதாம் வகுப்பில் நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்தார், ஐந்து மதிப்பெண், அடுத்த பாடம். மறுநாள் சகல பரிசுத்தவான்கள் திருநாள், அந்த ஆலயத்தில் கூட்டம் வரும், அதனால்தான் முந்தின நாளாகப் பார்த்தார் என்று சொல்வதுண்டு என்பதைக்கூட நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. ஹாலோவீன் என்ற பெயரே அந்த முந்தின நாளைக் குறிப்பதுதான், அதாவது பேய்க்கும் லூதருக்கும் ஒரே தேதி வந்தது தற்செயல் இல்லை. கட்டுரையாளர் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் போனேன். வாசல் கதவில் நீளமாக ஒரு தாள், நான்கு மூலையிலும் நிஜ ஆணி. கதவில் ஆணி அடிக்க அப்பா சம்மதித்ததே பெரிய விஷயம் என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் கதவின் மேல் ஒரு பலகை கட்டி அதில்தான் அடித்திருக்கிறார்கள். தாளில் இருந்தது லூதரின் கோட்பாடு இல்லை, பிள்ளைகளின் கோட்பாடு. வீட்டில் என்னென்ன சீர்திருத்தம் வேண்டும் என்று 95 எழுத வேண்டும், அப்பா அம்மா ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், இது வருடா வருடம் நடக்கிறதாம். இந்த வருடம் 43-ல் நின்றுவிட்டது. ஏழாவது: பச்சை பீன்ஸ் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. பன்னிரண்டாவது: தம்பி அழுதால் காரணம் விசாரிக்காமல் அக்காவைத் திட்டக் கூடாது. இருபதாவது ஒரு கோணல் எழுத்தில் 'நாய்' என்று மட்டும் இருந்தது, கடைக்குட்டிக்கு அதற்கு மேல் எழுத்துக்கூட்ட வரவில்லை. பன்னிரண்டாவதுக்குப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று இருந்ததைப் பார்த்து, என் மூத்த மகள் இதைப் படித்தால் என்னை என்ன கேட்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டு மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. லத்தீன் படிக்கிறாள், ஏனென்றால் அந்த 95-ஐ லூதர் எழுதியது லத்தீனில். நான் ஆசிரியை புத்தியோடு, "லூதர் கதவில் ஆணி அடித்த ஆண்டு என்ன?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இதோ, அப்படியே: "பாட்டி, ஆணி அடித்தாரா என்பதே உறுதியில்லை. அன்றைக்கு மைன்ஸ் பேராயருக்குக் கடிதம் அனுப்பினார், அது நிச்சயம். கதவுக் கதையை லூதரின் நண்பர் மெலான்க்தன் எழுதியது லூதர் செத்த பிறகு, 1546-ல்." நான் வாயடைத்துப் போனேன். என் 31 வருடத்தில் ஒரு மாணவியும் எனக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் புத்தகத்தில் இருக்கிறதை எழுது என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அவள் தம்பி கறுப்பு அங்கி போட்டு லூதர். அடுத்த பெண், லூதரின் மனைவி கத்தரீனா, துணி போடுகிற பெரிய கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம். ஏன் என்றால், 1523-ல் கன்னிமடத்திலிருந்து மீன் பீப்பாய் ஏற்றுகிற வண்டியில் ஒளிந்து தப்பி வந்தவராம் அவர், கூடைதான் பீப்பாய். சாப்பாட்டுக்கு ஜெர்மன் தொத்திறைச்சி, சிவப்பு முட்டைக்கோஸ். கடைசியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய நெளியும் புழுக்கள். ஜெல்லி மிட்டாய்தான், ஆனால் ஒரு நிமிடம் எனக்குக் குமட்டியது. 1521-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் லூதரை நிறுத்திய நகரம் வார்ம்ஸ், அங்கே கூடிய பேரரசின் அவைக்கு ஆங்கிலத்தில் டயட் என்று பெயர், சேர்த்துச் சொன்னால் புழுப் பத்தியம் என்று காதில் விழும். அதற்காக வருடா வருடம் புழு மிட்டாய். லூதரன் வீடுகளில் இது பழைய நகைச்சுவையாம்.

ஆனால் பேய் வேஷப் பிள்ளைகள் வந்தபோது இவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை, நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். செயின்ட் லூயிஸில் ஒரு தனி வழக்கம் உண்டு: மிட்டாய் கேட்டு வருகிற பிள்ளை முதலில் ஒரு ஜோக் சொல்ல வேண்டும், சொன்னால்தான் மிட்டாய். உங்கள் கட்டுரையில் இல்லாதது இது, நகரத்துக்கு நகரம் எவ்வளவு மாறும் பாருங்கள். என் பேரன் எலும்புக்கூடு வேஷத்தில் வந்து நம் ஊர்க் கடி ஜோக் ஒன்றை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னான். யாருக்கும் புரியவில்லை. லூதர் வேஷக்காரன் மட்டும் மரியாதைக்குச் சிரித்து இரண்டு கை மிட்டாய் அள்ளிப் போட்டான்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் சகல பரிசுத்தவான்கள் ஆராதனை. சீர்திருத்தத் திருநாளுக்குச் சிவப்பு விரித்திருந்த பலிபீடத்தில் இப்போது வெள்ளை. அந்த வருடம் இறந்த சபையாரின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க ஒரு மணி அடிக்கிறார்கள். பக்கத்து வீட்டம்மாவின் தாயார் மார்ச்சில் போய்விட்டார். அந்தப் பெயர் வந்து மணி அடித்ததும் கடைக்குட்டி அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டான், அவ்வளவுதான், யாரும் அழவில்லை. ராத்திரி அவர்கள் சாப்பாட்டு மேஜையில் போட்டோக்களை வைத்து முன்னால் மெழுகுவர்த்தி. செத்தவர்களுக்காக நாங்கள் வேண்டுவதில்லை, அவர்களைத் தந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறோம் என்று அந்த அம்மா எனக்கு விளக்கினார், நான் திதி, அமாவாசை என்று எதையாவது தப்பாகப் புரிந்துகொள்வேனோ என்று. மூத்தவள் கேட்டாள், "பாட்டி, உங்களுக்கு ஒன்று வேண்டுமா?" என் வீட்டுக்காரருடைய போட்டோ கைபேசியில்தான் இருந்தது. கைபேசியைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்து ஒன்று ஏற்றினேன். திரை அணைந்து அணைந்து போக, அவள்தான் ஒவ்வொரு தடவையும் தொட்டு எழுப்பினாள்.

நவம்பர் 11 மார்ட்டின் திருநாள். லூதர் 1483 நவம்பர் 10-ல் பிறந்து மறுநாள் ஞானஸ்நானம் பெற்றார், அன்றைக்கு உரிய புனிதர் தூர்ஸ் நகரத்து மார்ட்டின் என்பதால் அந்தப் பெயர். அந்த மார்ட்டின் ரோமப் படை வீரர், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் பாதி கிழித்துக் கொடுத்தவர் என்பது கதை. ஜாம் பாட்டிலில் கலர் டிஷ்யூ தாள் ஒட்டி, உள்ளே சின்ன மெழுகுவர்த்தி வைத்து, கம்பியில் கட்டித் தெருவில் பாடிக்கொண்டு போனார்கள். நம் கார்த்திகை விளக்கு மாதிரி என்று மருமகள் சொன்னாள், ஆனால் அந்தக் காற்றுக்கு எந்த விளக்கும் நிற்கவில்லை, பேரனுடையது முதல் திருப்பத்திலேயே அணைந்துவிட்டது. வாத்து வறுப்பதுதான் முறையாம், விலை கேட்டுவிட்டு அவர்கள் கோழிக்கு மாறிவிட்டார்கள். நான் சீரகச் சம்பா தேடிப் பிடித்து ஆம்பூர் பிரியாணி செய்து கொண்டுபோனேன். கோழி அப்படியே மிஞ்சிவிட்டது என்பதைப் பெருமையாக இல்லாமல் சொல்ல முயற்சி செய்கிறேன்.

நேற்று நன்றி அறிதல் நாள். வான்கோழி பற்றி நீங்களே போதுமான அளவு எழுதிவிட்டீர்கள், நான் தொடவில்லை. ஒன்று மட்டும்: 1621 முதல் வருடா வருடம் கொண்டாடி வருகிறார்கள் என்று போட்டிருக்கிறீர்கள், அப்படி இல்லை. நாடு முழுக்க ஒரே நாளாக வருடந்தோறும் வந்தது 1863-ல் லிங்கன் அறிவித்த பிறகு, நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941-ல். பக்கத்து வீட்டில் முந்தின நாள் சாயங்காலமே ஆலயத்துக்குப் போய்விட்டு வந்துவிட்டார்கள்.

இனி என் சந்தேகம். அந்த அம்மாவிடம் முகத்துக்கு நேராகவே கேட்டேன்: உங்கள் லூதர் 1524-ல் நகர சபைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கச் சொல்லி எழுதினாரே, உங்கள் முன்னோர் காட்டில் இறங்கியதும் பள்ளிக்கூடம்தானே கட்டினார்கள், உங்கள் சபைக்கே எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, நீங்கள் மட்டும் ஏன் வீட்டில்? அவர் கோபப்படவில்லை. லூதர் 1529-ல் எழுதிய சின்ன ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விதம் என்று பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே போட்டிருக்கிறது. லூதர் இரண்டையும் சொன்னார், நாங்கள் ஒன்றைக் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொண்டோம் என்றார். இதே வேலையை ஜெர்மனியில் செய்ய முடியாது, அங்கே பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்பது சட்டம் என்பதையும் அவரே சொல்லிச் சிரித்தார். எனக்குப் பாதி திருப்தி. இந்த நான்கு பிள்ளைகளுக்குக் கெட்டிக்கார அம்மா வாய்த்திருக்கிறார், நல்லது. வாய்க்காத வீட்டில் யார் போய்ப் பார்ப்பார்கள்? மணி நேரத்தை நோட்டில் எழுதிவிட்டால் போதுமா? வெள்ளிக்கிழமை இவர்களைப் போன்ற பிள்ளைகள் ஆலயக் கூடத்தில் சேர்ந்து படிக்கிறார்கள் என்றாலும், எல்லோரும் ஒரே சபை, ஒரே நிறம். கொலு பார்க்க வந்த நாள்தான் இந்துப் பிள்ளையோடு முதல் தடவை விளையாடினான் அந்த நடுப்பையன். என் வகுப்பில் மதராசாவிலிருந்து நேராக வருகிற பையனும், சர்ச்சில் பாடுகிற பெண்ணும், மார்கழிக் கோலம் போட்டுவிட்டு வருகிறவளும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருவார்கள். அதற்கு ஈடாக எதையும் இந்த அம்மா எனக்குக் காட்டவில்லை, அவரும் அதை மறுக்கவில்லை.

அதற்காகப் பேய், வான்கோழி என்று எழுதிவிட்டுப் போவதும் சரியில்லை ஐயா. அடுத்த வருடம் எழுதும்போது கட்டுரையாளரை ஒரு வீட்டுக்குள் போய் உட்காரச் சொல்லுங்கள், எந்த வீடாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் பத்தியில் 1621-ஐத் திருத்தி ஒரு வரி போட்டால் நன்றி.

நாளை மறுநாள் 30-ம் தேதி அட்வென்ட் ஆரம்பம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரக் காத்திருப்பு. பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தி, வாரம் ஒன்றாக ஏற்றுவார்கள். ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் நடத்திய விஷர்ன் என்ற லூதரன் இறையியலாளர் பிள்ளைகள் நாளை எண்ணட்டும் என்று ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி வைத்தாராம், 1839-ல். காட்டில் அந்தப் பள்ளிக்கூடம் கட்டிய அதே வருடம் என்று மூத்தவள் கண்டுபிடித்துச் சொன்னாள். முதல் மெழுகுவர்த்திக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்று கடைக்குட்டி உத்தரவு போட்டிருக்கிறான். நான்காவது ஏற்றும்போது நான் ஆம்பூரில் இருப்பேன், டிசம்பர் 9-க்கு டிக்கெட். அவன் தன் ஜாம் பாட்டில் விளக்கை என்னிடம் கொடுத்திருக்கிறான், ஊரில் ஏற்ற வேண்டுமாம். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் கம்பியைப் பார்த்து நிறுத்துவார்கள், பெட்டியில் போட்டால் உடையும் என்கிறான் மகன். இரண்டு புடவைக்கு நடுவில் சுருட்டி வைத்திருக்கிறேன், பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆம்பூர் (தற்போது செயின்ட் லூயிஸ், மிசௌரி)